செட்டிநாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 வாரம்: ஒரு ஹவுஸ் சர்ஜனுக்குப் பதில்

உங்கள் வீடு ஈரோட்டுப் பக்கம், படிப்பு சிவகங்கையில், இப்போது எம்பிபிஎஸ் முடித்துப் பயிற்சி வருடத்தில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன். சமூக மருத்துவப் பணிக்காகக் காரைக்குடிக்கு அருகே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே அன்றாடம் எப்படிப் போகும், எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு என்ன வழி, மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்குப் படிக்க நேரம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்துச் சுகாதார நிலையங்களில் பல வருடம் வேலை பார்த்தவன், ஹவுஸ் சர்ஜன்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓபி (வெளிநோயாளிகள்) பார்த்தவன் என்ற முறையில் விரிவாகவே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படிக்க நேரம் கிடைக்கும். மாலைக்கு மேல் பெரும்பாலான நாட்கள் உங்களுடையவை. அதனால்தான் சீனியர்கள் இந்தப் பணியைப் 'படிப்பு லீவு' என்று சொல்லி அனுப்புகிறார்கள். தயவுசெய்து அந்த எண்ணத்தோடு வராதீர்கள். 2021-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஹவுஸ் சர்ஜன் வருடத்தின் 52 வாரத்தில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம். பொது மருத்துவத்துக்கே 6 வாரம்தான், பொது அறுவைக்கும் 6, மகப்பேற்றுக்கு 7. அதாவது, ஒரே இடத்தில் ஒரே மக்களோடு நீங்கள் இவ்வளவு நாள் இருக்கப்போவது இந்த ஒரு பணியில் மட்டும்தான். வார்டில் ஒரு நோயாளியைச் சேர்த்து, பார்த்து, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிக் கொடுத்ததோடு அவர் கதை உங்களுக்கு முடிந்துவிடும். கொடுத்த மருந்து வீட்டுக்குப் போய் என்ன ஆனது என்று தெரியவே தெரியாது. இங்கே தெரியும். முதல் வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசியையும் பத்தாவது வாரத் தடுப்பூசியையும் போட்டுவிட்டுத்தான் நீங்கள் கிளம்புவீர்கள். காசநோய் மருந்தை இன்று தொடங்கும் ஒருவருக்கு இரண்டு மாதம் கழித்துச் சளிப் பரிசோதனை மாறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். இரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவேண்டும். ஏறாவிட்டால் ஏன் ஏறவில்லை என்று தேடிப்போக உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். இந்த வாய்ப்பு எந்த வார்டிலும் கிடைக்காது. நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

தங்கும் இடத்தைப் பற்றி. பெரும்பாலானவர்கள் காரைக்குடியிலேயே அறை எடுத்துக்கொண்டு போய்வருகிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகம் இருப்பதால் செக்காலை, கழனிவாசல், கல்லுக்கட்டிப் பக்கம் பெண்கள் விடுதிகளும் வாடகை அறைகளும் கிடைக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது என்பதால் போக்குவரத்துக்குச் செலவும் இல்லை. ஆனால் கிராமத்துப் பஸ்கள் மணிக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் வரும். காலை முதல் பஸ்ஸும் மாலை கடைசிப் பஸ்ஸும் எப்போது என்று முதல் நாளே பார்மசிஸ்டிடமோ ஸ்டாஃப் நர்ஸிடமோ கேட்டு எழுதிவையுங்கள். அவர்களும் அதே பஸ்ஸில் வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

என் யோசனை, முடிந்தால் ஊரிலேயே தங்குங்கள். குவார்ட்டர்ஸ் காலியாக இருந்தால் மெடிக்கல் ஆபீசரிடம் கேளுங்கள். இல்லையென்றால், பெரிய வீடுகளின் பின்பகுதியில், இரண்டாம் கட்டு என்பார்கள், அங்கே ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவர்கள் சில ஊர்களில் உண்டு. அந்தக் கனத்த சுவர்களுக்குள் சித்திரை வெயில்கூட அவ்வளவாகத் தெரியாது. ஊரில் தங்குபவருக்கு மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊர் கிடைக்கிறது. பகலில் ஓபியில் சொல்லாததை அங்கேதான் சொல்வார்கள். பெண்ணாகத் தனியே தங்குவதால் வீட்டார் கவலைப்படுவார்கள், அது நியாயம். கிராம சுகாதார செவிலியரின் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். ஊரில் யார் எப்படி என்று அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இன்னொன்று, இருட்டியபின் கையில் டார்ச் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். காலையில் செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டுப் போடுங்கள். தேளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை.

இனி அன்றாடம். ஓபி தொடங்குவதற்கு முன்பே வாசலில் வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் பஸ்ஸில் வந்து அதே பஸ் திரும்பி வரும்போது ஏறிப்போக வேண்டியவர்கள் அவர்கள். பாதிப்பேர் சுகர், பிரஷர் மாத்திரைக்கு வந்தவர்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், எனலாப்ரில் என்று ஒரு வாரத்தில் உங்கள் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். ஆபத்து அங்கேதான். வரிசை நீளமாக இருக்கும், பழைய சீட்டைப் பார்த்து அப்படியே புதுச் சீட்டு எழுதுவது சுலபமாக இருக்கும். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுப் பழகுங்கள்: "ஐயா, போன மாசம் குடுத்த மாத்திரையில மிச்சம் எத்தனை இருக்கு?" என்று. நிறைய மிச்சம் இருக்கிறது என்றால் அவர் மருந்தைச் சரியாகப் போடவில்லை. அவர் பிரஷர் 170 இருப்பதற்குக் காரணம் அதுதான். டோஸைக் கூட்டினால் என்றாவது ஒருநாள் எல்லா மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுவிட்டுத் தலைசுற்றி விழுவார்.

ஊசி கேட்பார்கள். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டரம்மா, அப்பதான் மேலுக்குக் கேக்கும்" என்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். முழங்கால் வலிக்கு வாராவாரம் ஊசி போட்டுக்கொண்ட பலருக்குச் சிறுநீரகம் என்ன நிலையில் இருக்கிறது என்று இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்த்தால் தெரியும். லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டும் வருவார்கள். அதில் உங்களுக்குக் குழப்பமே வேண்டாம். ஹவுஸ் சர்ஜன் தன் கையெழுத்தில் மருத்துவச் சான்றிதழோ இறப்புச் சான்றிதழோ சட்டம் தொடர்பான எந்த ஆவணமோ கொடுக்க விதி இடம் தரவில்லை. மெடிக்கல் ஆபீசரைக் காட்டிவிடுங்கள். உங்களுக்கு இருப்பது தற்காலிகப் பதிவு, நீங்கள் செய்வது எல்லாம் அவர் பொறுப்பில்தான் நடக்கிறது. சந்தேகம் வந்தால் அவருக்கு உடனே போன் செய்வது உங்கள் வேலையில் ஒரு பகுதி.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். அன்று காலை 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றில் வரவேண்டிய அவசியமில்லை என்பதால் கிராமத்துப் பெண்களுக்கு இந்த முறை பெரிய உதவி. சென்னையில் டாக்டர் வி. சேஷையா போன்றவர்கள் வலியுறுத்தி வந்த முறை இது. அந்த இரண்டு மணி நேரமும் அவர்கள் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஏன் போடவில்லை என்பதற்கு மேசைக்குப் பின்னாலிருந்து கேட்டால் "போடுறேங்க" என்றுதான் பதில் வரும். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம், குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னது, காலையில் டீயோடு சேர்த்து விழுங்குவது, கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வது எல்லாம் வெளியே வரும். டீயோடும் கால்சியத்தோடும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இதைச் சொல்லிப் பிரித்துக் கொடுத்தாலே பலருக்கு அடுத்த மாதம் எண் ஏறிவிடும்.

இந்தப் பக்கம் கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் கர்ப்பிணிகள் நிறைய. முடிவெடுப்பது மாமியாராக இருக்கலாம், போனில் கணவராக இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய பெண் தயங்கினால், வீடியோ காலில் கணவரைக் கூப்பிடச் சொல்லி நீங்களே விளக்குங்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்போது இன்னொரு சிக்கல். அங்கே வேறு சுகாதார நிலையம், வேறு செவிலியர். அட்டையில் கர்ப்பிணிப் பதிவு எண், கடைசியாகப் பார்த்த பிரஷர், ஹீமோகுளோபின், ஸ்கேன் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று அவர் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். அட்டையில் வயதையும் கவனியுங்கள். 18-க்குக் கீழ் இருந்தால் அன்றே மெடிக்கல் ஆபீசரிடம் சொல்லவேண்டும். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் தருவது கட்டாயம். அந்தப் பெண்ணிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசாதீர்கள், மறுபடி அவள் வராமல் போய்விடுவாள்.

மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயரில் நீங்கள் தினமும் பார்க்கும் முத்துலெட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது பக்கத்துப் புதுக்கோட்டையில். அந்தக் காலத்தில் பையன்கள் மட்டும் படித்த கல்லூரியில் இடம் வாங்கி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர். வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கிறோமே என்று தோன்றும் ராத்திரிகளில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று என்னோடு வேலை செய்த பெண் மருத்துவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

புதன் தடுப்பூசி. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) போட்டபின் அன்றிரவு காய்ச்சல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அடுத்த ஊசிக்குத் தாய்மார்கள் தவறாமல் வருவார்கள். மற்ற நாட்களில் துணை சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், அங்கன்வாடி என்று வண்டியில் கூட்டிப்போவார்கள்.

இப்போது வீடு பார்க்கப் போவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் மருந்துப் பெட்டியோடு தெருத்தெருவாகப் போவார்கள். வாரத்தில் இரண்டு மாலையாவது அவர்களோடு நடந்து போங்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் அரண்மனை மாதிரி வீடுகளைப் பார்த்து எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் உள்ளே போவீர்கள். முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு என்று தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீளும் வீட்டில் பல சமயம் ஓர் ஆச்சி மட்டும் இருப்பார். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், வெளிநாட்டில். வாசலில் ஒரு காவல்காரர், சமைக்க ஒரு அம்மா. அவ்வளவுதான்.

அந்த ஆச்சியிடம் மாத்திரை டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். பழைய பிஸ்கட் டின்னாக இருக்கும். அதைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொரு பட்டையாக எடுத்துப் பாருங்கள். நம் சுகாதார நிலையத்துக் கிளிமிபிரைடு ஒன்று இருக்கும். காரைக்குடியில் தனியாரிடம் பார்த்தபோது எழுதிக் கொடுத்த வேறு பெயர் போட்ட மாத்திரை இருக்கும், அதிலும் அதே கிளிமிபிரைடு. மகன் வந்தபோது சென்னையில் காட்டி வாங்கியது மூன்றாவதாக இருக்கும். மூன்றையும் ஆச்சி நம்பிக்கையோடு போட்டுக்கொண்டிருப்பார். இதோடு சஷ்டி விரதம், கார்த்திகை விரதம், அல்லது இரவு பசிக்கவில்லை என்று ஒரு டம்ளர் பாலோடு படுப்பது சேர்ந்தால் விடியற்காலையில் சுகர் இறங்கிவிடும். "ராத்திரி வேர்த்து ஊத்துது, கிறுகிறுன்னு வருது, எந்திரிச்சுக் கொஞ்சம் சீனி போட்டுக்கிட்டாச் சரியாப் போயிருது" என்று ஆச்சி வெகு சாதாரணமாகச் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நீங்கள் அந்த வீட்டுக்குப் போனது. வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரையால் இறங்கும் சுகர், சீனி சாப்பிட்டு ஏறியபின்னும் மறுபடி இறங்கும். அதனால் வீட்டிலேயே விட்டுவிட்டு வரவும் முடியாது. பட்டைகளின் பின்னால் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று மெடிக்கல் ஆபீசரிடம் கேட்டு, வேண்டாததை ஆச்சியின் சம்மதத்தோடு எடுத்துவிடுங்கள். பிள்ளைக்கும் போனில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பார்சலில் மறுபடி வரும்.

அடுத்தது விழுவது. அந்த வீடுகளில் அறைக்கு அறை உயரமான நிலைப்படி. தரை ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்த சிமெண்ட் தரை ஓடு, வழுவழுவென்று இருக்கும். படுப்பது முன்கட்டில், கழிப்பறை பின்கட்டில். சுகர் உள்ளவர் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து, ஒரே ஒரு விளக்கு எரியும் வளவைத் தாண்டி நடக்கவேண்டும். இடுப்பெலும்பு முறிந்து வருகிற ஆச்சிகளிடம் எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டுப்பாருங்கள், பாதிக்கு மேல் இந்த வழியில்தான் இருக்கும் என்பது என் அனுபவம். எனவே வீட்டில் பிரஷர் பார்க்கும்போது உட்கார்ந்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து ஒரு தடவை பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் மாத்திரையைத் திரும்ப யோசிக்கவேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி, வழியெல்லாம் சின்ன இரவு விளக்கு. முதலில் ஆச்சி கமோடு நாற்காலியை மறுப்பார், பட்டாலையில் அதை வைப்பதா என்பார். மகளை விட்டுப் பேசச் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

செட்டிநாடு என்றால் இந்த வீடுகள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஓபியில் பெரும்பகுதி வேறு ஆட்கள். ஆத்தங்குடியில் கல் செய்கிறவர்கள் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். நாளெல்லாம் கை ஈரச் சிமெண்டில். சிமெண்டில் இருக்கும் குரோமியம் ஒவ்வாமையைக் கிளப்பும். விரலிடுக்கில் வெடிப்பும் அரிப்புமாக வருகிறவரிடம் என்ன வேலை என்று கேட்காமல் படைக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தால் வருடக்கணக்கில் ஆறாது. சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், புகையில் இருமிக்கொண்டே வருவார்கள், காலில் முள் குத்தியிருக்கும். அந்த முள் உள்ளே முறிந்து தங்கும். சுகர் இருப்பவருக்குக் குத்தியதே தெரியாது. சுகர் நோயாளி யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு காலையாவது அதனால் காப்பாற்றுவீர்கள். கடைகளுக்குப் பலகாரம் போடும் பெண்கள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்று, நரம்பு சுருண்ட கால்களோடு வருவார்கள். தொழிலைக் கேளுங்கள், அதுவும் விவரமாகக் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் உங்கள் பணி விழுந்தால் பாம்புக்கடிக்குத் தயாராக இருங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் இந்த வறண்ட மண்ணில் உண்டு. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த தடமே தெரியாது, வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று கூட்டிவருவார்கள். கண் இமை தொங்குகிறதா என்று பார்க்கத் தவறினால் கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிடும். விரியன் வகைக்கு, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு தப்பாகும். விஷமுறிவு மருந்து பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரே அளவுதான், வழக்கமாக 10 குப்பியில் தொடங்குவார்கள். ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டும். கயிறு இறுக்கிக் கட்டி வந்திருந்தால் சட்டென்று அவிழ்க்காதீர்கள், மருந்து ஏறத் தொடங்கியபின் மெடிக்கல் ஆபீசர் பக்கத்தில் இருக்கும்போது மெதுவாக அவிழ்க்கவேண்டும். அனுப்பும்போது எத்தனை மணிக்குக் கடித்தது, எத்தனை குப்பி ஏறியது என்று எழுதி அனுப்புங்கள். 2024-இல் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கிவிட்டதால், பதிவேட்டில் ஏற்றுவதும் கட்டாயம்.

தை மாதம் என்றால் சிராவயல் மஞ்சுவிரட்டு. மருத்துவக் குழுவில் உங்களையும் சேர்ப்பார்கள். தொழுவிலிருந்து அவிழ்க்கும் மாடுகள் போக, திறந்த பொட்டலில் கட்டுமாடுகளையும் அவிழ்த்துவிடுவார்கள். அதனால் மாடு பிடிக்கிறவரைவிட வேடிக்கை பார்க்க நின்றவருக்கு அடி விழுவது அதிகம். கொம்பு குத்திய காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்லமுடியாது. அடிவயிறு, தொடை இடுக்கு, மார்பு இந்த மூன்று இடத்துக் குத்தையும் சின்னதென்று தைத்து அனுப்பாதீர்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் சலைனில் நனைத்த துணியால் மூடி அனுப்புங்கள். அதே மாதம் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி எடுத்துக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போவார்கள். வழியில் முகாம் போடுவீர்கள். பெரும்பாலும் காலில் கொப்புளம், நீர்ச்சத்துக் குறைவு. அறுபது எழுபது வயதில் நடக்கிறவரிடம் சுகர் மாத்திரையை எப்போது போடுகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். கூட்டம், மேளம், பாட்டு எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு மூன்று நாட்கள் உங்களுக்கு மறக்காது.

சாப்பாடு. கொங்குப் பக்கத்து நாக்குக்குக் காரைக்குடி ஓட்டல் சாப்பாடு முதல் வாரம் காரமாக இருக்கும், வயிறும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஓட்டலில் செட்டிநாடு என்று விற்பதும் இங்கே வீடுகளில் தினம் சமைப்பதும் வேறு. வெண்டைக்காய் மண்டி, கத்திரிக்காய்க் கோசமல்லி, இளங்குழம்பு என்று வீட்டுச் சாப்பாடு இதமாகவே இருக்கும். வீட்டுச் சாப்பாடு செய்து தரும் அம்மாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், செவிலியரிடம் கேட்டால் ஏற்பாடு செய்துவிடுவார். போகிற வீடுகளில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் கொடுத்துச் சாப்பிடாமல் விடமாட்டார்கள். சாப்பிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் தினம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "அரிசியை நிறுத்துங்க" என்று எந்த ஆச்சியிடமும் சொல்லாதீர்கள், நடக்காது. இடியாப்பம் ஐந்து என்றால் மூன்றாக்கி, கோசமல்லியைக் கூட்டச் சொல்லுங்கள். கவுனி அரிசி (கறுப்பு அரிசி) சுகருக்கு நல்லது என்று நம்பி இனிப்புக் கவுனியைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அதில் போடும் சீனியைப் பற்றி யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

தனிமை இருக்கும், முக்கியமாக முதல் இரண்டு வாரம். ஊர் எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும். நோயாளி யாராவது இறந்துபோன அன்றைக்கு அறைக்கு வந்து தனியே உட்கார்ந்திருக்காதீர்கள். கூட வேலை செய்த நர்ஸோடு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், வீட்டுக்குப் போன் போட்டுப் பேசுங்கள். மொத்த வருடத்துக்கும் 15 நாள்தான் விடுப்பு என்பதால் ஈரோட்டுக்கு அடிக்கடி போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளை இங்கேயே நல்லபடி கழிக்கப் பழகுங்கள். பங்குனியில் இருந்தால் கம்பன் விழாவுக்குப் போங்கள். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இன்றும் காரைக்குடியில் மகம், பூரம், உத்திர நாட்களிலும், அத்தத்தன்று கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையிலும் விழா எடுக்கிறது. கணேசன் எழுப்பிய மணிமண்டபத்து வளாகத்தில்தான் தமிழ்த்தாய் கோயிலும் இருக்கிறது. மாலையில் அமைதியாக உட்கார்ந்து படிக்க நல்ல இடம்.

நீட் பிஜிக்கு வருகிறேன். இரவு எட்டு முதல் பதினொன்று வரை படியுங்கள், காலையில் ஒரு மணி நேரம். 12 வாரத்தில் அது போதிய அளவு சேரும். ஓபி நடுவே மேசைக்குக் கீழே போனில் கேள்வி போட்டுப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கவனிப்பார், அடுத்த தடவை உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லாக் புக் வேறு, இது வேறு. முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் சந்திப்பவர்களில் இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் சிலர், கட்டுப்படாத சுகர் உள்ளவர்கள் சிலர், தனியாக இருக்கும் ஆச்சி ஒருவர் இருவர், காசநோய் மருந்து தொடங்கியவர் ஒருவர், அந்த வாரம் பிறந்த குழந்தை ஒன்று என்று தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயரை எழுதாமல், தெருவும் உங்களுக்கு மட்டும் புரியும் அடையாளமும் போதும். அன்று என்ன எண், என்ன மருந்து, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதி, அவர்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பாருங்கள். கிளம்பும் வாரத்தில் அந்த நோட்டை மெடிக்கல் ஆபீசரோடு உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். பாதி முடிந்த வேலைகளை அடுத்து வரும் ஹவுஸ் சர்ஜனிடமும் செவிலியரிடமும் ஒப்படைத்துவிடுங்கள்.

பணியில் சேரும் நாள் திங்கட்கிழமையாக இருந்தால், அன்று மாலையே கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து, மறுநாள் வரப்போகும் கர்ப்பிணிகளின் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். எதிலாவது தடங்கல் இருந்தால் மறுபடி எழுதுங்கள், சொல்கிறேன்.